கியர்பாக்ஸ் ஆயிலோட வயசை மணி நேரத்துல கணக்குப் போடுங்க

கார் சம்பந்தமா எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே மாதிரி இருக்கு. "செகண்ட் ஹேண்ட்ல ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கேன் ப்ரோ. எழுபதாயிரம் ஓடியிருக்கு. கியர் ஆயில் மாத்தணுமான்னு கேட்டா, ஒரு இடத்துல 'இது லைஃப்டைம் ஆயில், தொடவே வேணாம்'ங்கிறாங்க. இன்னொரு இடத்துல 'இவ்வளவு ஓடினதுக்கு அப்புறம் மாத்தினா கியர்பாக்ஸே போயிடும்'ங்கிறாங்க. இதை நானே வீட்ல மாத்தலாமா?"

இதுல மூணு கேள்வி இருக்கு. மாத்தணுமா? மாத்தினா போயிடுமா? வீட்ல முடியுமா? இன்னிக்கு மூணுக்கும் பதில் சொல்லப் போறேன். ஏன் இது முக்கியம்னா, ஆயிலும் வாஷரும் சேர்த்து சில ஆயிரம் ரூபாயில முடியுற வேலை. அதைத் தள்ளிப்போட்டு கியர்பாக்ஸ் போச்சுன்னா பில் லட்சத்தைத் தாண்டலாம். பழைய கார்னா பல பேர் காரையே வித்துடுவாங்க.

முதல்ல, உங்களோடது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லாத்தையும் நாம ஆட்டோமேட்டிக்னு சொல்றோம். உள்ளே நாலு வகை இருக்கு.

ஒண்ணு, ஏ.எம்.டி. 2014-ல மாருதி செலெரியோவோட இந்தியாவுக்கு வந்தது. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கிற வேலையையும் கியர் மாத்துற வேலையையும் ஒரு மெஷின் பார்த்துக்குது. உள்ளே இருக்கிறது மேனுவல் கியர் ஆயில். இன்னிக்கு நாம பேசற ஆயிலை இதுல ஊத்தக் கூடாது.

ரெண்டாவது, சி.வி.டி. ஹோண்டா சிட்டி மாதிரி கார்கள்ல இருக்கிறது. பெல்ட்டும் புல்லியும் வச்சு ஓடும். இதுக்குன்னு தனி ஆயில் உண்டு. தப்பான ஆயில் போட்டா பெல்ட் வழுக்கும், புல்லி கீறிடும்.

மூணாவது, டி.சி.டி., அதாவது ரெட்டைக் கிளட்ச். இதுல பல மாடலுக்கு கம்பெனி ஸ்கேனர் வேணும். வீட்ல கை வைக்காதீங்க.

நாலாவதுதான் நம்ம ஆளு, டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக். இதுல இருக்கிற சிவப்பு ஆயில்தான் ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட். உங்களோடது எதுன்னு தெரியலைன்னா ஓனர்ஸ் மேனுவலைப் பாருங்க. வாட்ஸ்அப் குரூப்ல கேட்க வேணாம்.

கப்பலுக்காகப் பொறந்த மெஷின்

நான் பேசிட்டு இருக்கிற இடம் கல்மண்டபம். இந்தப் பக்கம் காசிமேடு, அந்தப் பக்கம் துறைமுகம். அதனால இதைச் சொல்லாம இருக்க முடியல: டார்க் கன்வெர்ட்டர் முதல்ல காருக்காகக் கண்டுபிடிச்சது இல்லை, கப்பலுக்காக. ஹெர்மன் ஃபொட்டிங்கர்னு ஒரு ஜெர்மன் எஞ்சினியர், கப்பல் கட்டும் தளத்துல வேலை பார்த்தவர். நீராவி டர்பைன் ரொம்ப வேகமாச் சுத்தும். கப்பலோட இலை மெதுவாச் சுத்தணும். ரெண்டையும் எப்படி இணைக்கிறது? நடுவுல திரவத்தை வச்சு சக்தியைக் கடத்தலாம்னு 1905-ல பேட்டன்ட் வாங்கினார்.

யோசனை எளிசு. ரெண்டு டேபிள் ஃபேனை எதிரும் புதிருமா வச்சு ஒண்ணை மட்டும் போட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா? காத்துக்குப் பதிலா ஆயில். எஞ்சின் பக்கத்து ஃபேன் ஆயிலைத் தள்ளுது, கியர்பாக்ஸ் பக்கத்து ஃபேன் அந்த வேகத்துல சுத்துது. நடுவுல இன்னொரு சின்னச் சக்கரம் திரும்பி வர்ற ஆயிலோட திசையை மாத்தி, இழுவையைக் கூட்டுது.

அதாவது வண்டி கிளம்புறப்போ உங்க எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்த்து வைக்கிறது ஆயில் மட்டும்தான். அதே ஆயில்தான் கியர் மாத்துறதுக்கான ஹைட்ராலிக் பிரஷரையும் குடுக்குது. அதேதான் சூட்டை வெளியே கொண்டுபோகுது, பேரிங்கை வழுவழுப்பா வைக்குது. இது எல்லாத்துக்கும் மேல, உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்கணும், எப்போ கப்புனு பிடிக்கணும்ங்கிற உராய்வு அளவையும் அதுதான் தீர்மானிக்குது. ஒரே ஆயில் வழுக்கவும் வைக்கணும், பிடிக்கவும் வைக்கணும்.

அந்த உராய்வுக் கணக்குக்காக அமெரிக்காவுல ஒரு காலத்துல ஸ்பெர்ம் திமிங்கலத்தோட எண்ணெயையே ஏ.டி.எஃப்.ல கலந்தாங்க. 1970-ல அந்தத் திமிங்கலத்தை அழியும் நிலையில இருக்கிற உயிரினமா அறிவிச்சதும் அது நின்னுபோச்சு. வேற ரசாயனம் தேட வேண்டியதாச்சு. சிவப்பு நிறத்துக்கும் உராய்வுக்கும் சம்பந்தம் இல்லை. அது வெறும் சாயம். கீழே ஒழுகினா எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலான்னு பிரிச்சுப் பார்க்கத்தான்.

இதனாலதான் "எல்லாம் சிவப்புதானே, எதையாவது ஊத்து"ங்கிறது ஆபத்து. ஹூண்டாயோட பழைய நாலு கியர் பெட்டிக்கு எஸ்.பி. 3, ஆறு கியர் பெட்டிக்கு எஸ்.பி. 4. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு ஆகாது. மேனுவல்ல என்ன ஸ்பெக் போட்டிருக்கோ அதே ஸ்பெக். "எல்லா வண்டிக்கும் ஒத்துப்போகும்"னு டப்பாவுல எழுதியிருந்தா, டப்பாவோட பின்பக்கத்தைப் படிங்க.

லைஃப்டைம்னா யாரோட லைஃப்?

இப்போ முதல் கேள்வி. ஜெட்.எஃப். ஒரு ஜெர்மன் கியர்பாக்ஸ் கம்பெனி. பி.எம்.டபிள்யூ. உட்பட பல பெரிய கார் கம்பெனிகளுக்குப் பெட்டி செய்து குடுக்குறாங்க. காரை விக்கிற கம்பெனி "லைஃப்டைம் ஆயில்"னு சொல்ற அதே பெட்டிக்கு, பெட்டியைச் செய்த ஜெட்.எஃப். சொல்றது: 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள்ள, இல்லைன்னா எட்டு வருஷத்துல மாத்துங்க. சூடும் பாரமும் அதிகமா இருந்தா இன்னும் சீக்கிரமே.

நான் இதுல இன்னொரு படி மேல போறேன். நம்ம ஊருக்குக் கிலோமீட்டர்ங்கிற அளவே சரியில்லை.

இதை எனக்குப் புரிய வெச்சது காசிமேட்டுல விசைப்படகு எஞ்சின் பார்க்கிற ஒரு அண்ணன். நான் காரைப் பத்தி "நாப்பதாயிரம் ஓடியிருக்குண்ணா"ன்னு சொன்னேன். அவர் கேட்டது, "அது கெடக்கட்டும் தம்பி, எத்தினி அவர் ஓடிச்சு?" படகுல கிலோமீட்டர் மீட்டரே கிடையாது. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடினதோ அதை வச்சுத்தான் ஆயில் மாத்துவாங்க. துறைமுகத்துக்குள்ள கன்டெய்னரைத் தூக்கி அடுக்குற வண்டிகளுக்கும் இதே கதைதான். நாள் முழுக்க ஓடும், ஆனா பெருசா தூரம் போகாது. அதனால சர்வீஸ் கணக்கு மணி நேரத்துல.

இப்போ இதை நம்ம காருக்குப் போட்டுப் பாருங்க. நிறைய கார்ல டேஷ்போர்டுலயே சராசரி வேகம் காட்டும். ரொம்ப நாளா ரீசெட் பண்ணாத மீட்டர்ல ஒருத்தருக்கு மணிக்கு 18 கிலோமீட்டர்னு வருதுன்னு வைங்க. 50,000 கிலோமீட்டரை 18-ஆல வகுத்தா சுமார் 2,780 மணி நேரம். இன்னொருத்தர் வாராவாரம் திருச்சி போய் வர்றவர், சராசரி 55. அவருக்கு அதே 50,000 கிலோமீட்டருக்கு சுமார் 910 மணி நேரம். ஓடோமீட்டர் ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் காட்டுது. ஆயில் வேலை செஞ்ச நேரமோ மூணு மடங்கு வித்தியாசம்.

நேரம் மட்டும் இல்லை, அந்த நேரம் எப்படிப் போச்சுங்கிறதும் இருக்கு. நம்ம பக்கம் ஜீரோ கேட்டுக்கு கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கிறப்போ என்ன பண்றோம்? 'டி'ல போட்டு, பிரேக்கை மிதிச்சு, ஏசியோட நிக்கிறோம். பத்தடி நகருறோம். திரும்ப நிக்கிறோம். அப்போ எஞ்சின் பக்கத்து ஃபேன் சுத்திட்டே இருக்கு, இந்தப் பக்கத்து ஃபேன் நிக்குது. நடுவுல போன சக்தி எல்லாம் சூடாத்தான் மாறணும். ஹைவேல ஒரு சீரான வேகம் வந்ததும் லாக்-அப் கிளட்ச் ரெண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கும், ஆயில் கலங்காது, சூடும் குறையும். நம்ம டிராஃபிக்ல அந்த லாக்-அப்புக்கு வாய்ப்பே அதிகம் வராது.

எண்ணெய் விஷயத்துல ஒரு தோராய விதி இருக்கு: ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதாவது ஆயிலோட ஆயுள் பாதியாகும். அதனால ராயபுரத்துக்கும் ஓ.எம்.ஆருக்கும் தினம் அலையுற கார் "லேசாத்தான் ஓடுது" கிடையாது. மேனுவல்ல கடுமையான பயன்பாடுன்னு தனியா ஒரு அட்டவணை இருக்குமே, நாம அந்த அட்டவணையோட ஆளு. அதுல ஏ.டி.எஃப். மாத்தணும்னு எத்தனை கிலோமீட்டர் போட்டிருக்கோ, அதுதான் உங்க நம்பர்.

மாத்தினா போயிடும்ங்கிறது உண்மையா?

இது ரெண்டாவது கேள்வி. இந்தப் பயத்துல கொஞ்சம் உண்மையும், நிறைய கணக்குக் குழப்பமும் இருக்கு.

குழப்பம் எங்கேன்னா, பெரும்பாலானவங்க எப்போ ஆயில் மாத்த வர்றாங்க? கியர் வழுக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம். அப்போ தட்டுகள் ஏற்கெனவே தேஞ்சு போயிருக்கும். மாத்துறாங்க, ரெண்டு வாரத்துல பெட்டி போயிடுது. பழி ஆயில் மேல. எங்க சாஃப்ட்வேர் வேலையிலயும் இது நடக்கும். கடைசியா யார் கோடைத் தொட்டாரோ அவர்தான் குற்றவாளி. பக் ஒரு வருஷமா உள்ளே இருந்திருக்கும்.

உண்மை எங்கேன்னா, பல வருஷம் தொடாத பெட்டியில மெஷின் வச்சு அழுத்தம் குடுத்து மொத்தமா ஃப்ளஷ் பண்ணினா, அடியில படிஞ்ச கசடு கிளம்பி வால்வு ஓட்டையில போய் அடைக்கலாம். அதனால பழைய பெட்டிக்கு ஃப்ளஷ் வேணாம். தன்னால வடியுறதை வடிச்சிட்டு, அதே அளவு ஊத்துறது போதும்.

முடிவா எப்படி எடுக்கிறது? கியர் நல்லா மாறுது, ஆயில் கருத்திருக்கு, ஆனா கருகின வாடை இல்லைன்னா, மாத்துங்க. ஏற்கெனவே வழுக்குது, 'டி' போட்டா ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் பிடிக்குது, ஆயில்ல தீஞ்ச வாடை அடிக்குதுன்னா, புது ஆயில் அதைக் குணப்படுத்தாது. அந்தப் பணத்தை ஒரு நல்ல கியர்பாக்ஸ் மெக்கானிக்கைப் பார்க்க வெச்சுக்கோங்க.

வீட்ல முடியுமா?

இங்கேதான் நான் ஒரு கோடு போடுறேன். பானெட்டைத் திறந்தா ஏ.டி.எஃப்.க்குத் தனி டிப்ஸ்டிக் இருக்கா? இருந்தா வீட்ல பண்ணலாம். இல்லைன்னா லிஃப்ட் இருக்கிற ஷெட்டுக்குப் போங்க.

காரணம் சொல்றேன். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில கீழே ஒரு லெவல் போல்ட் இருக்கும். கார் நாலு பக்கமும் மட்டமா தூக்கியிருக்கணும், எஞ்சின் ஓடணும், ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டுல இருக்கணும். அப்போ அந்தப் போல்ட்டைக் கழட்டி, வழியுறது நூல் மாதிரி மெலியுறப்போ மூடணும். அந்தச் சூடு பல கார்கள்ல 35-லிருந்து 55 டிகிரிக்குள்ள எங்கேயோ இருக்கும். சென்னை மே மாசம் மத்தியானத்துல ஆயில் கிளம்பும்போதே அந்த எல்லைக்குள்ள வந்துடும். பிளக்கைத் திறக்கிறதுக்குள்ள தாண்டியும் போயிடும். ஓடுற எஞ்சினுக்குக் கீழே படுத்துக்கிட்டு, ஸ்கேனர்ல டிகிரி பார்த்துக்கிட்டு பண்ற வேலை அது. லிஃப்ட் இல்லாம வேணாம்.

டிப்ஸ்டிக் இருக்கிற கார்னா வாங்க. எங்க வீட்ல இருக்கிறது அப்படிப்பட்ட ஒரு பழைய ஹேட்ச்பேக். ஆனா "வீட்ல"ங்கிற வார்த்தையை நம்ம ஏரியாவுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கணும். யூடியூப் வீடியோல வர்றவங்களுக்கு கராஜ் இருக்கு. நமக்குத் தெரு இருக்கு. அதுல ஷேர் ஆட்டோவும் தண்ணி லாரியும் போகும். தெருவுல காரைத் தூக்கி வெச்சுட்டு கீழே படுக்காதீங்க. நான் பண்ணினது திருவொற்றியூர்ல சித்தப்பாவோட பழைய லேத் பட்டறையில. சிமென்ட் தரை, மட்டமானது. அப்படி ஒரு இடம் கிடைச்சா மட்டும் ஆரம்பிங்க.

முதல் நாள்: சரியான ஸ்பெக் ஆயில், ட்ரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர், நீளமான புனல், அளவுக் கோடு போட்ட ஜாடி, ரெண்டு ஜாக்கி ஸ்டாண்ட். ஜாக்கி காரைத் தூக்க மட்டும்தான், தாங்குறது ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே போகாதீங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டையும் வைங்க.

கார் மட்டமா நிக்கும்போதே, சூடான நிலையில டிப்ஸ்டிக்ல லெவல் எங்க இருக்குன்னு பார்த்து போட்டோ எடுத்துக்கோங்க. ஆரம்பத்துலயே குறைவா இருந்தா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். எடுத்த ஆயிலை அளந்து அதே அளவு ஊத்துறதுல பிரயோஜனம் இருக்காது.

அப்புறம் கொஞ்சம் ஆற விடுங்க. கொதிக்கிற ஆயில் கையை வேக வெச்சுடும். ஊத்துற வாய் திறக்குதான்னு முதல்ல பார்த்துட்டு, அதுக்கு அப்புறம் ட்ரெய்ன் போல்ட்டைத் தொடுங்க. வடிச்சதுக்கு அப்புறம் மேல திறக்கலைன்னா கார் அங்கேயே படுத்துடும். இன்னொண்ணு: எஞ்சின் ஆயில் போல்ட்டும் கியர்பாக்ஸ் போல்ட்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கலாம். மேனுவல் படத்தைப் பார்த்து உறுதிப்படுத்துங்க. சிவப்புக்குப் பதிலா கறுப்பா மெல்லிசா வந்தா உடனே மூடுங்க.

போல்ட்டோட காந்தத்துல சாம்பல் நிறத்துல பசை மாதிரி ஒட்டியிருந்தா அது சாதாரணத் தேய்மானம். பளபளன்னு துண்டு துண்டா உலோகம் இருந்தா அது வேற கதை. ஆயிலோட நிறுத்தாம மெக்கானிக்கைப் பாருங்க.

வந்த ஆயிலை அளங்க. எங்களுக்கு 3 லிட்டர் வந்துச்சு. பெட்டியோட மொத்தக் கொள்ளளவு சுமார் 7 லிட்டர். மீதி டார்க் கன்வெர்ட்டர்லயும் குழாய்லயும் தங்கிடும். அதனால ஒரு தடவை மாத்தினா 43 சதவீதம்தான் புதுசு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ரெண்டாவது தடவை பண்ணினா 67. மூணாவது தடவை 81. நான் ரெண்டு தடவையோட நிறுத்தினேன். மூணாவதுக்கு இன்னொரு மூணு லிட்டர் வாங்கி 14 சதவீதம்தான் கிடைக்கும்.

வாஷரை மாத்தி, போல்ட்டை மேனுவல் சொல்ற டார்க்குக்கு இறுக்கி, எடுத்த அளவே ஊத்துங்க. காரை இறக்கி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு பி, ஆர், என், டி ஒவ்வொண்ணுலயும் சில செகண்ட் நிறுத்தி வாங்க. ஒரு ரவுண்டு போய் சூடானதும் லெவல் பாருங்க. பல கார்ல எஞ்சின் ஓடும்போது பார்க்கணும். ஹோண்டாவோட சில பெட்டியில ஆஃப் பண்ணின உடனே பார்க்கணும். 7 லிட்டர் ஆயில் 50 டிகிரி ஏறினா சுமார் கால் லிட்டர் விரியும். அதனாலதான் டிப்ஸ்டிக்ல குளிருக்கு ஒரு கோடு, சூட்டுக்கு ஒரு கோடு. குறைஞ்சா பம்ப் காத்தை இழுக்கும், கூடினா ஆயில் நுரைக்கும். ரெண்டுலயும் பிரஷர் போயிடும்.

வெளியே வந்த மூணு லிட்டர்

வீடியோக்கள் பெரும்பாலும் இங்கே முடிஞ்சிடும். நம்ம ஏரியாவுல இங்கே முடிக்க முடியாது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட, மணலி தொழிற்பகுதிப் பக்கம் இருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகம் வரைக்கும் பரவினது எல்லாருக்கும் நினைவு இருக்கும். மீனவர்கள் படகுல போய் கையால அள்ளினாங்க. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாத்துலயும் கறுப்புப் படிஞ்சது. கூழைக்கடா இறகுல எண்ணெயோட பறக்க முடியாம நின்னுச்சு. அந்த அளவோட நம்ம மூணு லிட்டரை ஒப்பிட முடியாதுதான். ஆனா நம்ம தெருவோட மழைநீர் வடிகாலும் கடைசியா இதே தண்ணியிலதான் போய் சேருது. அந்தக் கரையில இறால் பிடிக்கிறவங்க நமக்கு அடுத்த தெருக்காரங்க.

பயன்படுத்தின எண்ணெய் 2016 விதிகள்படி அபாயக் கழிவு. எண்ணெய் தயாரிக்கிற கம்பெனிகளே அதைத் திரும்பச் சேகரிச்சு மறுசுழற்சிக்கு அனுப்பணும்னு 2024 ஏப்ரல்ல இருந்து விதி அமலுக்கு வந்திருக்கு. நம்ம பங்கு சின்னது. புது ஆயில் வந்த அதே கேன்ல பழைய ஆயிலை ஊத்தி, மூடி, "பழைய ஏ.டி.எஃப்."னு எழுதுங்க. கூலன்ட், பெட்ரோல், தண்ணி எதையும் கலக்காதீங்க. கலந்தா சுத்திகரிக்க முடியாமப் போகும். பழைய ஆயிலை பேரல்ல சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆளுங்களுக்குக் குடுக்கிற சர்வீஸ் சென்டர்ல போய் குடுங்க. புது ஆயில் வாங்குறதுக்கு முன்னாடியே "பழசை எடுத்துப்பீங்களா?"ன்னு அங்கே கேட்டுடுங்க. சென்ட்ரிங் பலகையில தடவக் கேட்டாங்கன்னு குடுக்காதீங்க. அது மழையில கரைஞ்சு மண்ணுக்குத்தான் போகும்.

பழசைக் குடுக்க இடம் கிடைக்கலையா? அப்போ இந்த வேலையை வீட்ல பண்ணாதீங்க. ஷெட்டுலயே விட்டுடுங்க. டிப்ஸ்டிக் மாதிரியே இதுவும் ஒரு கோடு.

இன்னிக்கு உங்களுக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். கார்ல ஏறினதும் சராசரி வேகத்தைப் பாருங்க. ஓடோமீட்டரை அதால வகுங்க. வர்ற மணி நேரத்தையும், கடைசியா எப்போ ஏ.டி.எஃப். மாத்தினீங்கங்கிறதையும் எனக்கு அனுப்புங்க. வண்டியை வித்தவரைக் கேட்டா "நல்லா வச்சிருந்தேன்"னுதான் சொல்வார், அதனால பில் இருந்தா மட்டும் கணக்குல சேருங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.